கதவு எந்தப் பக்கம்?

எங்கள் அபார்ட்மென்ட் அசோசியேஷன் கூட்டம் அன்றைக்கு மூன்றே கால் மணி நேரம் நடந்தது. மாதப் பராமரிப்புக் கட்டணத்தை ஏற்றியபோதுகூட நாற்பது நிமிடம் சண்டை போட்டுவிட்டு, நாற்பத்தோராவது நிமிடம் சமோசாவோடு சமாதானமானவர்கள் நாங்கள். இந்த முறை விஷயம் பெரியது. மளிகைக் கடை.

மேடவாக்கத்திலிருந்து சோழிங்கநல்லூர் போகும் சாலையில், பெரும்பாக்கத்துக்குள் திரும்பும் ஒரு முனையில் அந்தக் கடை இருந்தது. ஆஸ்பெஸ்டாஸ் கூரை, வாசலில் வாய் மடித்த அரிசி மூட்டைகள், கல்லாவுக்கு மேலே வெள்ளிக்கிழமை சாம்பிராணிப் புகையில் கறுத்துப்போன சாமி படம். 2015 டிசம்பர் வெள்ளத்தில் கீழ்த்தட்டுச் சாமானெல்லாம் தண்ணீரில் ஊறிக்கிடக்க, முழங்கால் அளவு தண்ணீரில் நின்றுகொண்டு மெழுகுவர்த்தியும் பால் பவுடரும் கடனுக்குக் கொடுத்தவர் அந்த அண்ணாச்சி. அந்தக் கடனை எங்களில் எத்தனை பேர் திருப்பிக் கொடுத்தோம் என்று கூட்டத்தில் யாரும் கேட்கவில்லை. நானும் கேட்கவில்லை. என் கணக்கில் ஒரு டஜன் மெழுகுவர்த்தி நிற்கிறது.

இடத்துக்காரர் மனையை ஒரு பில்டரிடம் கொடுத்துவிட்டார். அண்ணாச்சி ஊருக்குப் போய்விட்டார். கீழே சூப்பர் மார்க்கெட், மேலே கிளினிக், அதற்கும் மேலே கண்ணாடி போட்ட ஆபீஸ் என்று மூன்று மாடிக்குத் திட்டம். பில்டர் நல்ல பிள்ளை. மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு எங்கள் கிளப் ஹவுஸுக்கே வந்து, சுவரில் படம் காட்டி, “உங்க சஜெஷன் இல்லாம ஒரு செங்கல் வைக்க மாட்டோம் சார்” என்றார். கண்கலங்கிப் போனோம். சரக்கு லாரி எங்கள் தெரு வழியாகத்தான் வரவேண்டும், நாங்கள் ஒரு மனு போட்டால் வேலை ஆறு மாதம் தள்ளிப்போகும் என்கிற கணக்கு அந்தப் பணிவுக்குள் இருந்தது. இருந்துவிட்டுப் போகட்டும். ஜனநாயகம் எந்த வாசல் வழியாக வந்தால் என்ன, சமோசா சூடாக இருந்தது.

பிறகு ஆரம்பித்தது ஆலோசனை மழை. செக்கு எண்ணெய்க்குத் தனி அடுக்கு வேண்டும் என்றார் ஒருவர். மாப்பிள்ளைச் சம்பா அரிசி கட்டாயம் என்றார் இன்னொருவர். அவர் வீட்டில் பாசுமதி தவிர வேறு வேகாது என்பது அவர் வீட்டுச் சமையல்காரம்மா மூலம் ஊருக்கே தெரியும். அமெரிக்காவில் பேரனைப் பார்த்துவிட்டு வந்த ஒரு பெரியவர், அங்கே கிடைக்கும் புளித்த மாவு ரொட்டி இங்கேயும் கிடைத்தாக வேண்டும் என்று மேசையைத் தட்டினார். புளித்த மாவுக்குத் தமிழ்நாட்டில் பஞ்சமா என்று யாரோ முணுமுணுத்தது அவர் காதில் விழவில்லை. கோழிக் கடை கூடவே கூடாது. மீன் வரலாம், ஆனால் வாசனை வரக்கூடாது. அரை மணி நேர வாதத்துக்குப் பிறகு, தோல் உரித்து, துண்டு போட்டு, உறையவைத்து, பிளாஸ்டிக்கில் சுற்றி, மீன் என்று லேபிள் ஒட்டினால் ஒழிய மீன் என்று தெரியாத மீனுக்கு அனுமதி கொடுத்தோம். கண் உள்ள மீன் எங்களைப் பார்க்கக் கூடாது.

கடைசியில்தான் கதவு வந்தது.

படத்தில் கடைக்கு இரண்டு வாசல். ஒன்று எங்கள் தெருவைப் பார்த்தது. இன்னொன்று பின்பக்கம், ஹவுசிங் போர்டு குடியிருப்பிலிருந்து பஸ் ஸ்டாப்புக்கு வரும் நடைவழியைப் பார்த்தது. முன்வரிசையில் ஒருவர், அதுவரை வாயே திறக்காதவர், மிக மென்மையாகக் கேட்டார்: “அந்தப் பக்கம் கதவு வேணுமா சார்? கிரவுட் வரும்.”

கடைக்குக் கூட்டம் வரக்கூடாது என்று வேண்டிக்கொள்ளும் வாடிக்கையாளர்களை உலக வணிக வரலாற்றில் அன்றுதான் பார்த்திருப்பார்கள். ஆனால் பில்டர் முகத்தில் குழப்பமே இல்லை. எல்லோருக்கும் புரிந்தது. சாதி பேர் சொன்னால் வழக்கு வரும், சேரி என்று சொன்னால் படித்தவன் பேசுகிற பேச்சா என்பார்கள். அதனால் மெட்ராஸ் மாநகரம் ஒரு சுத்தமான சொல்லைக் கண்டுபிடித்து வைத்திருக்கிறது. கிரவுட். அதற்குச் சட்டப்பிரிவு கிடையாது. டிஷ்யூ காகிதத்தில் கை துடைத்துக்கொண்டே சொல்லலாம். “செக்யூரிட்டி இஷ்யூ” என்றார் ஒரு மேடம். “ரீசேல் வேல்யூ” என்றார் பக்கத்தில் இருந்தவர். எதிர்த்து ஒரு கையும் எழவில்லை. ஆதரித்து எழுந்த கைகளில் என் கையும் ஒன்று. காரணம் கேட்டால் சொல்கிறேன்: பின்பக்கம் கதவு வராவிட்டால் அந்த இடத்தில் நான்கு கார் நிறுத்தலாம் என்றார்கள். எனக்கு ஒரு கார் இருக்கிறது.

பத்து நாளில் திருத்திய படம் வந்தது. பின்பக்கக் கதவு போய்விட்டது. அந்த இடத்தில் எட்டடிச் சுவர், சுவர் மேல் கொடி படர்வது போலப் பச்சை வண்ணம். மக்கள் பங்கேற்பு என்றால் என்ன என்று யாராவது ஆய்வுக்கட்டுரை எழுதுவதாக இருந்தால் எங்கள் கிளப் ஹவுஸுக்கு வரலாம். மூன்றே கால் மணி நேரத்தில் ஒரு கட்டடத்தின் முகத்தையே திருப்பிக் காட்டியிருக்கிறோம்.

அந்தச் சுவருக்கு அந்தப் பக்கம் இன்னொரு பெரும்பாக்கம் இருக்கிறது.

கார்டை உரசினால்தான் லிஃப்ட் நகரும் கட்டடங்களும், லிஃப்ட் நகர்ந்தாலே செய்தியாகும் கட்டடங்களும் ஒரே ஊரில் இருக்கின்றன. நேரு பெயரால் 2005-ல் தொடங்கிய நகர்ப்புறப் புனரமைப்புத் திட்டத்தின் பணத்தில், குடிசை மாற்று வாரியம் இங்கே 20,000-க்கும் மேற்பட்ட வீடுகளை எட்டடுக்குத் தொகுதிகளாகக் கட்டி எழுப்பியது. அதற்கு முன்பே பக்கத்தில் கண்ணகி நகரில் 15,000-க்கும் மேல், செம்மஞ்சேரியில் 6,764. கூவம் கரை, அடையாறு கரை, பக்கிங்காம் கால்வாய் ஓரம் என்று நகரத்தின் நடுவில் இருந்தவர்களை லாரியில் ஏற்றி, குலுக்கல் போட்டு, சாவியைக் கையில் கொடுத்தார்கள். 2015 வெள்ளத்துக்குப் பிறகு லாரிகள் வேகம் பிடித்தன. பல குடும்பங்களைப் பள்ளிக்கூட வருடத்தின் நடுவிலேயே பெயர்த்தார்கள். சாமான் ஏற்ற 5,000 ரூபாய், பிழைப்புக்கு மாதம் 2,500 ரூபாய், அதுவும் ஓராண்டுக்கு. ஓராண்டில் மனிதனுக்கு வயிறு சுருங்கிவிடும் என்பது அரசாங்கக் கணக்கு போலிருக்கிறது.

இருபதாயிரம் வீடு என்றால் ஒரு சிறிய நகரம். வரைபட மேசையில் குனிந்து நின்றவர்கள் எல்லாவற்றையும் அளந்தார்கள். படிக்கட்டின் அகலம், தண்ணீர்த் தொட்டியின் கொள்ளளவு, தொகுதிக்கும் தொகுதிக்கும் இடைவெளி. மனிதன் உப்பு வாங்குவான் என்பது மட்டும் மறந்துபோனது. மறதி என்று பெருந்தன்மையாகச் சொல்கிறேன். குடி வந்த பலருக்கு ரேஷன் கார்டு பழைய முகவரியிலேயே மாதக்கணக்கில் கிடந்தது. 30 ரூபாய்க்குத் துவரம் பருப்பும் 25 ரூபாய்க்குப் பாமாயிலும் வாங்க, ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு, இடிக்கப்பட்ட தங்கள் வீட்டு வழியாகவே பழைய ரேஷன் கடைக்குப் போய் வந்தார்கள். எங்களுக்கு ஒரு ஆயுர்வேத சோப்பு இல்லையென்றால் கூட்டம் போடுகிறோம்.

யாரும் கேட்கவில்லை. உங்களுக்கு என்ன கடை வேண்டும், எந்த முனையில் வேண்டும், காலையில் எத்தனை மணிக்குத் திறக்க வேண்டும் என்று யாரும் மடிக்கணினியைத் தூக்கிக்கொண்டு வரவில்லை. எனவே அவர்களே கட்டிக்கொண்டார்கள். கட்டினார்கள் என்று சொல்வதுகூடத் தப்பு, ஒரு செங்கல் வைக்கவில்லை. ஜன்னலைத் திறந்தார்கள்.

எங்கள் வீட்டில் பாத்திரம் தேய்க்க வரும் அம்மாவின் தங்கை வைத்திருக்கும் கடையை எனக்குத் தெரியும். தரைத்தள வீடு. ஜன்னல் கம்பியில் ஷாம்பு பாக்கெட் சரம் சரமாகத் தொங்கும். ஜன்னல் திட்டில் மிட்டாய் பாட்டில்கள், அதன் பக்கத்தில் வெற்றிலைத் தட்டு, உள்ளே கட்டிலுக்கு அடியில் வெங்காயம், கட்டிலுக்கு மேல் மாமியார். கம்பிக்கு நடுவே ஒரு தேங்காய் நுழையாது என்பதால் தேங்காயை மட்டும் கதவு வழியாக வாங்கிக்கொள்ள வேண்டும். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல் நின்று பார்த்தால் நல்ல வேடிக்கை. நான்காம் மாடியிலிருந்து கயிற்றில் கட்டிய பிளாஸ்டிக் வாளி இறங்கும். வாளிக்குள் பத்து ரூபாய்த் தாளும், பறக்காமல் இருக்க அதன் மேல் ஒரு உருளைக்கிழங்கும். கடைக்காரம்மா மேலே பார்க்காமலே டீத்தூளையும் சர்க்கரையையும் வாளியில் வைத்து, கயிற்றை இரண்டு தரம் சுண்டுவார். வாளி ஏறும். உருளைக்கிழங்கும் கூடவே ஏறும், நாளைக்கு வேண்டுமே. லிஃப்ட் நின்றுபோன கட்டடத்தில், முட்டி தேய்ந்த ஒரு கிழவிக்குக் கிடைத்த ஒரே வேலை செய்கிற லிஃப்ட் அது. இதற்கு எந்த உலக வங்கியும் கடன் கொடுக்கவில்லை.

அந்தக் கடையில் எதுவும் கிலோவில் விற்காது. ஐந்து ரூபாய்க்கு டீத்தூள், பத்து ரூபாய்க்கு எண்ணெய், ஒரு ரூபாய்க்கு ஷாம்பு. (பாக்கெட் ஷாம்புவை நாடெங்கும் பரப்பியதில் கடலூர்க்காரர்களுக்குப் பெரிய பங்கு உண்டு, நம் ஊர் பெருமைப்பட வேண்டிய விஷயம்.) மாதச் சம்பளம் வாங்குகிறவன் மாதச் சாமான் வாங்குவான், நாள்கூலி வாங்குகிறவன் அன்றைக்கு வேண்டியதைத்தான் வாங்க முடியும். சூப்பர் மார்க்கெட்டில் அரை லிட்டருக்குக் கீழே எண்ணெய்க்குப் பேச்சே இல்லை. ஜன்னல் கடைக்காரம்மாவோ பாதிப் பேருக்குக் கணக்கு நோட்டில் எழுதிக்கொண்டு, சனிக்கிழமை கூலி வந்ததும் வசூல் செய்வார். கடைக்காரம்மாவைத் தெய்வமாக்கும் உத்தேசம் எனக்கு இல்லை. பொருளுக்கு ஒரு ரூபாய், இரண்டு ரூபாய் கூடத்தான் வைக்கிறார். பிடிக்காதவர்களுக்குக் கடன் கிடையாது. எதிர்த் தொகுதியில் ஒரு பெண் போட்டிக்கு ஜன்னல் திறந்தபோது இவர் பேசிய பேச்சை இங்கே அச்சிட முடியாது. அதெல்லாம் வியாபாரம். கண்ணாடிக் கடைக்காரர்கள் ஆங்கிலத்தில் செய்வதை இவர் தமிழில் செய்கிறார்.

சரக்கு எப்படி வருகிறது தெரியுமா? கம்பெனி வண்டி எங்கள் தெருவரை வரும், உள்ளே வராது. விடிகாலையில் மேடவாக்கத்துக்குப் போய்ச் சிப்பம் கட்டி, பஸ் நிறுத்தத்தில் நின்று, மூட்டையைப் பார்த்ததும் நிற்காமல் போகும் பஸ்களை எண்ணி, எண்ணிக்கையில் களைத்து, ஷேர் ஆட்டோவில் ஏற்றிக்கொண்டு வரவேண்டும். பெண்களுக்கு டிக்கெட் இல்லாப் பயணம் 2021-லிருந்து இருக்கிறது, நல்ல திட்டம்தான். மூட்டைக்கு அது பொருந்தாது.

இப்போது அந்த ஜன்னலில் ஒரு நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. வீடு குடியிருப்பதற்காக மட்டுமே ஒதுக்கப்பட்டது; வணிகம் செய்வது விதிமீறல்; ஆக்கிரமிப்பை அகற்றாவிட்டால் ஒதுக்கீடு ரத்து. ஒட்டிய அலுவலகத்தின் பேர் எதற்கு, எல்லா அலுவலகத்துப் பசையும் ஒன்றுதான்.

ஆக்கிரமிப்பு. என்ன அழகான சொல். தன் வீட்டு ஜன்னலைத் தானே ஆக்கிரமித்திருக்கிறார் ஒரு பெண். எங்கள் அடுக்ககம் நிற்கும் இடத்தில் 2015-ல் படகு போனது. அப்போது நாங்கள் என்ன சொன்னோம்? தண்ணீர் எங்கள் வளாகத்துக்குள் புகுந்துவிட்டது என்றோம். நாங்கள் தண்ணீருக்குள் புகுந்தோம் என்று சொல்ல நாக்கு வரவில்லை. பக்கத்துப் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்கு 2022-ல் ராம்சார் பட்டம் கிடைத்தபோது கேக் வெட்டினோம். ஈரநிலம் என்பது ஜன்னலிலிருந்து பார்க்க, நாரை வந்தால் படம் பிடிக்க. அதே ஈரத்தில் நமக்கும் அஸ்திவாரம் இருக்கிறது என்று யாராவது சொன்னால் அவர் வளர்ச்சிக்கு எதிரி.

நோட்டீஸைப் பற்றி எங்கே முறையிடுவது என்று அந்தப் பெண் கேட்டார். படித்தவன் என்று நம்பிக் கேட்டார். நானும் சட்டப் புத்தகம் புரட்டினேன். தெருவோர வியாபாரிகளுக்காக 2014-ல் நாடாளுமன்றம் ஒரு சட்டம் கொண்டுவந்தது. விற்பனைக் குழு அமைக்க வேண்டும், அதில் நூற்றுக்கு நாற்பது பேர் வியாபாரிகளே தேர்ந்தெடுத்த வியாபாரிகளாக இருக்க வேண்டும், கணக்கெடுக்காமல் யாரையும் அகற்றக் கூடாது. அருமை. ஆனால் அந்தச் சட்டம் மாநகராட்சி, நகராட்சி, பேரூராட்சி என்றுதான் பேசுகிறது. பெரும்பாக்கமோ ஊராட்சி. ஆமாம், எட்டடுக்குக் கட்டடங்களும் பன்னாட்டு மருத்துவமனையும் கணினி நிறுவனப் பேருந்துகளும் ஓடும் இந்த ஊர், காகிதத்தில் கிராமம். 2021-ல் தாம்பரம் மாநகராட்சி உருவானபோது ஐந்து நகராட்சிகளையும் ஐந்து பேரூராட்சிகளையும் சேர்த்தார்கள், இதை விட்டுவிட்டார்கள். அதே 2021-ல் குடிசை மாற்று வாரியத்துக்கு நகர்ப்புற வாழ்விட மேம்பாட்டு வாரியம் என்று பேர் மாற்றினார்கள். நகர்ப்புற வாரியம் கட்டிய வீடு கிராமத்தில் நிற்கிறது. கடை வைக்கும் உரிமை கேட்டால் நீ கிராமத்தான். கூவம் ஓரத்திலிருந்து உன்னைக் கிளப்பும்போது நீ நகரத்தின் அழகைக் கெடுப்பவன்.

சரி, கிராமம் என்றால் கிராம சபை உண்டே? உண்டு. வருடத்துக்கு ஆறு முறை. குடியரசு தினம், சுதந்திர தினம், காந்தி ஜெயந்தி என்று நல்ல நாள் பார்த்து நடக்கும். போய்ப் பேசச் சொன்னேன். நாற்பது பெண்கள் சேர்ந்து போனார்கள். போர்டு இடம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது ஒரு மேசை. சாலை ஓரம், எங்களுக்குச் சம்பந்தமில்லை என்றது இன்னொரு மேசை. திரும்பி வந்து தொகுதிக்குக் கீழே உட்கார்ந்து அடுத்து என்ன செய்வது என்று பேசிக்கொண்டிருந்தபோது போலீஸ் வேன் வந்து ஓரமாக நின்றது. யாரையும் ஒன்றும் செய்யவில்லை. சும்மா நின்றது.

“நீங்க கூட்டம் போட்டா கதவு திரும்புது சார்,” என்றார் அந்தக் கடைக்காரம்மா, வெங்காயத்தை எடை போட்டுக்கொண்டே. “நாங்க நாலு பேரு குந்துனா வேன் வந்து நிக்குது.”

கதவு விஷயம் இவருக்கு எப்படித் தெரிந்தது என்று நினைத்தேன். நினைக்க என்ன இருக்கிறது. கிளப் ஹவுஸில் சமோசா பரிமாறியது யார்?

சிங்கப்பூரை ஒரு நிமிடம் பார்த்துவிட்டு வருவோம். நம் தலைவர்கள் எல்லோரும் சென்னையைச் சிங்கப்பூர் ஆக்குவதாக ஒரு முறையாவது சொல்லியிருப்பார்கள். அங்கே 1960-ல் தொடங்கிய வீடமைப்பு வாரியமும் கம்பம் என்கிற கிராமங்களில் இருந்த மக்களைத்தான் அடுக்குமாடியில் ஏற்றியது. அங்கும் எல்லோரும் சிரித்துக்கொண்டே ஏறவில்லை. ஆனால் கட்டடத்தின் தரைத்தளத்தைத் திறந்தவெளியாக விட்டு, அதில் ஒரு மூலையில் சின்னக் கடை ஒன்றுக்கும் வாரியமே இடம் ஒதுக்கியது. மாமாக் கடை என்பார்கள். மிட்டாய், பத்திரிகை, சோப்பு, அவசரத்துக்கு ஒரு பாக்கெட் பிஸ்கட். அதை நடத்தியவர்களில் பலர் நம் தமிழ் முஸ்லிம்கள். ஜன்னலில் கடை வைத்த பெண்ணும் மாமாக் கடைக்காரரும் செய்வது ஒரே வியாபாரம். அவரை வாரியம் வரைபடத்தில் வைத்தது, இவர் ஜன்னலில் வாரியம் நோட்டீஸ் ஒட்டுகிறது. சிங்கப்பூரிலிருந்து நாம் கட்டடத்தின் உயரத்தை மட்டும் இறக்குமதி செய்துகொண்டோம். கஸ்டம்ஸில் கடையைப் பிடித்து வைத்துவிட்டார்கள்.

கேட்காமல் கட்டினால் என்ன ஆகும் என்று அரசுக்குத் தெரியாது என்றும் சொல்ல முடியாது. திருச்சி காந்தி மார்க்கெட்டை ஊருக்கு வெளியே கள்ளிக்குடிக்கு மாற்றுவதற்காக 77 கோடி ரூபாயில் வளாகம் கட்டி 2017-ல் திறந்தார்கள். தூரம் அதிகம், கடை சின்னது, வரமாட்டோம் என்றார்கள் வியாபாரிகள். வரவில்லை. லாரி வரவில்லை, வேன் வரவில்லை, யாரும் அவர்களைக் குண்டுக்கட்டாகத் தூக்கிக் கள்ளிக்குடியில் இறக்கவில்லை. காந்தி மார்க்கெட் ஒரு நாள் அடைத்தால் திருச்சியில் சாம்பார் கொதிக்காது. பெரும்பாக்கத்துப் பெண்ணின் ஜன்னலை அடைத்தால் எங்கள் வீட்டுச் சாம்பாருக்கு ஒன்றும் ஆகாது. அவ்வளவுதான் வித்தியாசம்.

கோவிந்தசாமி நகர் ஞாபகம் இருக்கிறதா? ராஜா அண்ணாமலைபுரத்தில், 2022 மே மாதம். நீதிமன்ற உத்தரவைக் காட்டி வீடுகளை இடிக்க வந்தார்கள். பெரும்பாக்கத்துக்குப் போ என்றார்கள். அங்கிருந்த பெரியவர் ஒருவர் எல்லோர் கண் முன்னாலும் தீ வைத்துக்கொண்டு, மறுநாள் செத்துப்போனார். அதன் பிறகுதான் மயிலாப்பூர், மந்தைவெளிப் பக்கமே மாற்று வீடு தருவதாகச் சட்டமன்றத்தில் அறிவிப்பு வந்தது. அந்தப் பக்கத்தில் வீடு இருந்ததுதானே, ஒரு மனிதன் எரிவதற்கு முந்தின நாளும்? எங்கள் கதவு திரும்ப ஒரு தட்டு சமோசா போதுமானதாக இருந்தது.

கருத்துக் கேட்பு நடக்கவே இல்லை என்று நான் சொன்னால் என்மீது வழக்குப் போடலாம். சென்னைக்கு மூன்றாவது முழுமைத் திட்டம் தயாராகிறது, இரண்டாவது 2026-உடன் முடிகிறது, மக்களே உங்கள் கனவுகளைச் சொல்லுங்கள் என்று அழைத்தார்கள். எங்கள் அசோசியேஷன் கனவுகளை அட்டவணை போட்டு அனுப்பியது. சைக்கிள் பாதை, நாய்களுக்குத் தனிப் பூங்கா. குடியிருப்பில் இருப்பவர்களையும் விட்டுவிடவில்லை. “நம் குடியிருப்பு நம் பொறுப்பு” என்று ஒரு திட்டம் இருக்கிறது. சங்கம் அமையுங்கள், பராமரிப்புக்குப் பணம் கட்டுங்கள், அரசும் தன் பங்கைப் போடும். திட்டத்தில் குற்றம் இல்லை, லிஃப்ட் ஓடினால் நல்லதுதானே. பேரைத்தான் திரும்பத் திரும்பப் படித்துப் பார்க்கிறேன். குடியிருப்பு நம்முடையதாம். பொறுப்பும் நம்முடையதாம். ஜன்னல் யாருடையது என்று எழுத இடம் போதவில்லை. வாரியத்தின் பழைய சுவர்களில் இன்னும் ஒரு வாசகம் மங்கலாகத் தெரியும், ஏழையின் சிரிப்பில் இறைவனைக் காண்போம் என்று. 1970-ல் வாரியம் பிறந்த காலத்து வாசகம். அந்த நாளில், இருந்த இடத்திலேயே மூன்று மாடி, நான்கு மாடி கட்டிக் கொடுத்துவிட்டு அதைச் சுவரில் எழுதினார்கள். இப்போது இறைவனை இருபத்தைந்து கிலோமீட்டர் தள்ளிக் குடியேற்றியிருக்கிறோம்.

சூப்பர் மார்க்கெட் திறப்பு விழா போன மாதம் நடந்தது. நாதஸ்வரம் ஒலிபெருக்கியில், வாழை மரம் பிளாஸ்டிக்கில். அசோசியேஷன் உறுப்பினர்களுக்கு நூறு ரூபாய்க் கூப்பன். கதவு நாங்கள் சொன்ன பக்கத்தில், நாங்கள் சொன்ன அகலத்தில், தானாகத் திறந்து தானாக மூடியது. செக்கு எண்ணெய் இருந்தது. கண் இல்லாத மீன் இருந்தது. மேசையைத் தட்டிய பெரியவருக்கு ரொட்டி இருந்தது, விலையைப் பார்த்துவிட்டு எடுத்த இடத்திலேயே வைத்துவிட்டார்.

கல்லாவில் பச்சைச் சட்டை போட்ட பெண்கள். அதில் ஒருத்தி எங்கள் வீட்டுக்கு வரும் அம்மாவின் மகள். என்னைப் பார்த்து “கேரி பேக் வேணுமா சார்?” என்றாள், பழக்கமே இல்லாதவள் மாதிரி. அப்படித்தான் கேட்கச் சொல்லிக் கொடுத்திருப்பார்கள். எத்தனை மணிக்கு வேலை முடியும் என்றேன். பத்தரை. எந்த வழியாக வீட்டுக்குப் போவாய் என்றேன். முன்பெல்லாம் பின்பக்கமாக நேரே போய்விடலாம், இப்போது சுவர் இருக்கிறதே, பெரிய ரோட்டைச் சுற்றித்தான் போகணும் என்றாள். அரை கிலோமீட்டர் கூட. ராத்திரியில். வாக்கெடுப்பில் என் பங்குக்கு எத்தனை மீட்டர் வரும் என்று கணக்குப் போட்டுக்கொண்டே கார் எடுக்கப் போனேன். சுவர் ஓரமாகத்தான் நிறுத்தியிருந்தேன்.

அன்றைக்கு ராத்திரி என்னவோ தோன்றி, அவளுக்கு முன்னாலேயே பெரிய ரோட்டைச் சுற்றி நானும் அந்தத் தொகுதிக்கு நடந்து போனேன். ஜன்னலில் சரம் இல்லை, பாட்டில் இல்லை. உள்ளேயிருந்து பலகை அடித்திருந்தார்கள். பலகை மேல் நோட்டீஸ், நோட்டீஸ் மேல் ஏதோ சினிமா போஸ்டரின் கிழிந்த பாதி. நாலாம் மாடியிலிருந்து வாளி இறங்கி, ஜன்னலுக்கு நேரே காற்றில் லேசாக ஆடிக்கொண்டிருந்தது. கிழவிக்கு விஷயம் தெரியாது போலும் என்று நினைத்துக்கொண்டேன்.

பதினொன்றுக்குப் பத்து நிமிடம் இருக்கும்போது பச்சைச் சட்டைக்காரி வந்தாள். என்னை நிழலில் பார்க்கவில்லை. வாளியிலிருந்து ரூபாயை எடுத்துக்கொண்டு பலகையில் இரண்டு தரம் தட்டினாள்.

“யாரு?”

“நான்தான் சித்தி. ஆயாவுக்கு டீத்தூளு. எனக்கு முட்டை ரெண்டு.”

பலகை அரையடி விலகியது.